கண்டவர் கூவ வேண்டும்

1

பூச்சி பிடிக்க அனுமதி கேட்டு நான் ஓர் ஆபீசில் வரிசையில் நின்றேன் என்று சொன்னால் எங்கள் கொல்லிமலையின் திருப்புலி நாட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கப்பல் ஏறிய நாளிலிருந்தே அவளுக்குப் புத்தி ஒரு மாதிரி என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆன வாரத்தில், மலாயாவில் தைப்பிங் என்கிற இந்த ஊரில், நகரசபை ஆபீசின் நீளமான வராந்தாவில் நின்றேன். எனக்கு முன்னால் அரிசிச் சீட்டுக்கு வந்தவர்கள், பின்னால் சைக்கிள் லைசென்ஸுக்கு வந்தவர்கள்.

என் முறை வந்தது. கிராணி நம்ம தமிழர்தான். குமாஸ்தாவை இங்கே கிராணி என்பார்கள். பள்ளிக்கூட டீச்சர் கொடுத்தனுப்பிய மனுவை மூக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார்.

"சனிக்கிழமை தோறும் பொதுப் பூங்காவில் பூச்சி பிடிக்க வேணும். சரி. எத்தனை பூச்சி?"

"வந்து மாட்டறது எத்தனையோ, அத்தனைங்க."

"அப்படி எழுத முடியாதம்மா. என்னென்ன பூச்சி?"

"அது புடிச்ச பொறவுதானுங்க தெரியும்."

"பிடிக்கிறதுக்கு முன்னால தெரியணும். பூங்காவில் இருக்கிறது எல்லாம் சபைக்குச் சொந்தம்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எங்கள் மலையிலும் காட்டிலாகாக் காவலர் உண்டு. தேன் எடுத்தால் கேட்பார், மரம் வெட்டினால் கேட்பார். ஆனால் தட்டானும் வெட்டுக்கிளியும் சர்க்காருடையது என்று அவர்கூடச் சொன்னதில்லை. கிராணி தலையைச் சொறிந்து, மேலதிகாரியிடம் போய், திரும்பி வந்து, "பலவகை, சிறியன" என்று எழுதி முத்திரை குத்தினார். கூடவே ஒரு நிபந்தனை போட்டார். பிள்ளைகளோடு டீச்சரைத் தவிரப் பெற்றோரில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். யார் என்று அப்போதே எழுத வேண்டும்.

வரிசையில் நின்றவள் நான். என் பேரை எழுதிவிட்டார்.

2

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது கொல்லிமலையில். என் அப்பா மிளகு மூட்டையோடு மலையிறங்கும்போதெல்லாம் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு தெரிந்தவர் வீட்டில் தங்குவார். அந்த வீட்டிலேயே என்னைச் சில வருஷம் விட்டுப் படிக்க வைத்தார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. என் வீட்டுக்காரரும் எங்கள் மலைக்காரர்தான், பக்கத்து நாடு. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. இங்கே ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். எங்களுக்கு ஒரே மகள், செல்லாயி. பள்ளிக்கூடத்தில் செல்லா.

ஜப்பான்காரன் இருந்த காலத்தில் அவள் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. படிக்க வேண்டிய வயதில் மரவள்ளிக் கிழங்கு நட்டாள், தோலுரித்தாள், அதையே தின்றாள். இப்போது கிழங்கு என்ற சொல்லைக் கேட்டாலே குமட்டிக்கொண்டு ஓடுகிறாள். மரவள்ளி விளையும் மலையில் பிறந்தவளின் மகள் இப்படி ஆனாளே என்று நான் வருத்தப்படுவதில்லை. எனக்கும் கொஞ்ச நாளைக்கு அதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் இருக்கிறது.

பள்ளி திறந்தபோது பதினாலு வயதுப் பெண்ணைப் பத்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். பெஞ்சுக்கு அடியில் கால் மடங்கவில்லை. சின்னப் பிள்ளைகள் அவளை "அத்தை" என்று கூப்பிட்டு ஓடி ஒளிந்தார்கள். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். திறந்தாலும் பாதி மலாய், பாதி இங்கிலீஷ். நான் கடைத்தெருவில் விலை கேட்டால், "மெல்லப் பேசும்மா, மாலுவா இருக்கு" என்று என் முந்தானையை இழுப்பாள். இங்கே வெட்கத்துக்கு மாலு என்று பேர். என் குரல் பெரிய குரல். மேட்டுக் காட்டிலிருந்து பள்ளத்துக் காட்டுக்குப் பேசிப் பழகிய குரல் அது. ரயில்வே குவார்ட்டர்ஸின் பலகைச் சுவருக்கு அது தாங்காது.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று, சனிக்கிழமைப் பூச்சி பிடிப்பு. மிஸ் சூ என்கிற சீனத்து டீச்சர் அதை நடத்துகிறார். சண்டைக்கு முன்னால் பள்ளியில் கண்ணாடிப் பெட்டி பெட்டியாகப் பூச்சிகள் இருந்தனவாம். பெட்டிகள் விறகாகப் போயின, பூச்சிகள் குப்பைக்குப் போயின. அதை மறுபடி நிரப்ப வேண்டும் என்பது அந்த அம்மாளின் பிடிவாதம். கொசுவலைத் துணியைப் பிரம்பு வளையத்தில் தைத்து வலை செய்து கொடுத்தார். ஜப்பான்காரன் வாழைக்குலைப் படம் போட்டு அடித்த நோட்டுகள் வீட்டுக்கு வீடு செல்லாக் காசாகக் கிடந்தன. அவற்றை முக்கோணமாக மடித்து அதற்குள் வண்ணத்துப்பூச்சி வைக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்த நோட்டுக்கு உருப்படியான உபயோகம் அப்போதுதான் வந்தது.

பூச்சி என்று வந்தால் செல்லாயி ஆளே வேறு. எந்த இலையின் அடியில் எது தொங்கும், எது எப்போது அசையும் என்று கண்ணாலேயே துழாவுவாள். விடுமுறையில் அதிகம் பிடித்த நாலு பிள்ளைகளை ஊருக்குப் பின்னால் நிற்கும் பெரிய மலைக்கு அழைத்துப் போவதாக மிஸ் சூ சொல்லியிருந்தார். ஒரு வாரம் மேலே பங்களாவில் தங்கிப் பூச்சி பிடிக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் செல்லாயி எங்கள் இரண்டு பேர் முன்னாலும் வந்து நின்று சொன்னாள்.

"அந்த நாலு பேர்ல நான் இல்லீன்னா இனிமே பள்ளிக்கூடம் போகமாட்டேன். என்னை எங்கியாச்சும் அனுப்பிருங்க."

அவள் அப்பா இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, "இந்தியாக் கப்பலுக்குப் பேர் குடுத்து வெச்சிருக்கேன் கண்ணு. ஊருக்குப் போயிரலாம். அத்தை மவன் இருக்கறான்" என்றார்.

அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பகீரென்றது.

3

பொதுப் பூங்கா என்றால் என்ன என்று ஊரில் கேட்பார்கள். பெரிய ஏரி ஒன்று, அதைச் சுற்றி நடைபாதை, பாதையோரம் தூங்குமூஞ்சி மரங்கள். கிளைகள் பாதையைத் தாண்டி ஏரித் தண்ணீர்வரை சாய்ந்திருக்கும். உட்காரப் பெஞ்சு. புல்லை வெட்ட ஆள். யாருக்கும் சொந்தமில்லாத காடு, ஆனால் அந்தக் காட்டுக்கு ஓர் ஆபீஸ். இந்த ஊரில் மழை வராத நாள் குறைவு. எத்தனை மணிக்கு வரும் என்று டீக்கடையில் பந்தயம்கூடக் கட்டுவார்கள்.

எங்கள் மலையிலும் கூட்டமாகப் பூச்சி பிடிப்போம். பெட்டியில் வைக்க அல்ல, வயிற்றில் வைக்க. கோடை மழை பெய்து ஓய்ந்து, சுள்ளென்று வெயில் அடிக்கும்போது புற்றின் வாய் திறந்து ஈசல் புறப்படும். புகை எழும்புகிற மாதிரி இருக்கும். முதலில் பார்க்கிறவர் அதைத் தொடக் கூடாது. கையைக் குவித்து வாயில் வைத்து, "ஓ…ஓய்! ஈசல் பொறப்புட்டாச்சு! ஓடியாங்க!" என்று கூவ வேண்டும். கேட்டவர் அடுத்த மேட்டுக்குக் கூவ வேண்டும். முறத்தோடும் சேலையோடும் ஊரே வந்த பிறகுதான் பிடிப்பு. வர முடியாத வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். இறகைப் புடைத்து, ஓட்டில் வறுத்து, பொரியோடு தின்றால் அப்படி ஒரு ருசி. பார்த்தும் கூவாமல் தானே அள்ளிக்கொண்டவர் வீட்டில் மறுநாள் யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் போதும், வருஷம் முழுக்கக் கேலிதான்.

ஈசலுக்கு மட்டும் இல்லை. தேனடை கண்டாலும், காளான் பூத்தாலும், காட்டுப்பன்றி வயலில் இறங்கினாலும் கண்டவர் கூவ வேண்டும். பனி இறங்கும் ஊரில் பக்கத்துக் காட்டில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். கூவினால்தான் ஆள் இருப்பது தெரியும்.

கிழங்குக் காலத்தில் ஒருநாள் எங்கள் குவார்ட்டர்ஸ் பின்புறம் ஈசல் கிளம்பியது. என்னை அறியாமல் கூவிவிட்டேன். ஜப்பான்காரன் துப்பாக்கியோடு நடக்கும் ஊர் என்பது மறந்துவிட்டது. தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று அக்கம்பக்கம் எல்லாம் கையில் அகப்பட்ட பாத்திரத்தோடு வந்தார்கள். அன்றைக்கு எல்லா அடுப்பிலும் ஒரே வாசனை. செல்லாயி அப்போது சின்னவள். நான் கூவியபோது வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றவள், வறுத்ததும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள்.

4

இனி என் தப்பு. இரண்டாவது சனிக்கிழமை நடந்தது.

மிஸ் சூவின் சட்டம் மூன்று. சத்தம் போடக் கூடாது. ஒரே வகையில் ஒன்றுக்குமேல் எடுக்கக் கூடாது. யார் பிடித்தாரோ அவர் பேர்தான் பூச்சிக்கு ஒட்டும் சீட்டில். பிள்ளைகள் வலையைத் தூக்கிக்கொண்டு திசைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள். ஒருத்தி பக்கம் இன்னொருத்தி வந்தால், பிடித்ததை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். எனக்கு அது என்னவோ மாதிரி இருந்தது. ஆனால் நான் எண்ணிக்கைக்கு வந்த ஆள், பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பாதையோரம் புயலில் முறிந்த தூங்குமூஞ்சி மரம் ஒன்று கிடந்தது. செல்லாயி அதையே சுற்றிச் சுற்றி வந்தாள். முறிந்த மரத்துக்குத்தான் சில வண்டுகள் வரும் என்று எங்கோ படித்திருக்கிறாள். வெகுநேரம் மூச்சு விடாமல் நின்றாள். நானும் எழுந்து அவள் பின்னால் போய் நின்றேன்.

அப்போது அது வந்து உட்கார்ந்தது. பொன்வண்டு. ஆனால் நான் தீப்பெட்டியில் வைத்து விளையாடிய நம்மூர்ப் பொன்வண்டு இல்லை. அதைப்போல் இரண்டு பங்கு. பச்சை முதுகில் குறுக்கே மஞ்சள் பட்டை, வெயிலில் மின்னியது. செல்லாயி என்னைப் பார்க்காமலே ஒரு விரலை உயர்த்தினாள், அசையாதே என்று. இப்போது நினைத்தால் புரிகிறது. அந்த நேரத்தில் என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"ஓ…ஓய்! பொன்வண்டு! பொன்வண்டு! ஓடியாங்க எல்லாரும்!"

ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த கொக்குகள் எழும்பின. பிள்ளைகள் எல்லாரும் ஓடி வந்தார்கள். புல் வெட்டுகிறவர் அரிவாளோடு வந்தார். பாம்பு என்று நினைத்துக்கொண்டு சைக்கிளில் போன இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். வண்டு விர்ரென்று எழும்பித் தண்ணீர்மேல் பறந்து அக்கரைப் பச்சையில் மறைந்துவிட்டது.

செல்லாயி வலையைக் கீழே போட்டுவிட்டு மரத்தின்மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் மகளுக்கு எது ஒன்று கிடைக்க வேண்டும் என்று நான் சாமியைக் கும்பிட்டேனோ, அதை நானே கூவி விரட்டினேன். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

மிஸ் சூ கோபிக்கவில்லை. மெல்லிய குரல் அந்த அம்மாளுக்கு, பக்கத்தில் போனால்தான் கேட்கும். மலாயில் சொன்னார்: "பரவாயில்லை அம்மா. நம் ஊர் வண்டுதான், திரும்பி வரும். ஆனால் அதற்கும் உங்கள் குரல் கேட்கிறதே."

வழியெல்லாம் செல்லாயி எனக்கு முன்னால் நடந்தாள். வாசலில் நின்று திரும்பி, "இனிமே நீ அங்க வராதம்மா" என்றாள்.

"என்ற பேரைத்தான சாமி ஆபீஸ்ல எழுதியிருக்குது. நான் வல்லீன்னா ஒருத்தரையும் உள்ள உடமாட்டாங்க."

"அப்படீன்னா வா. வந்து கம்முனு இரு."

5

அதற்கடுத்த சனிக்கிழமைகளில் நான் வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு போனேன். பேச்சு வந்தாலும் வெளியே வர வழி கிடையாது. ஏரிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். மிஸ் சூ மட்டும் என்னைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிப்பார்.

வீட்டுக்காரர் ரயில்வே சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "ஏன் புள்ள, ஊடே அமைதியா இருக்குது. அம்மாளும் மவளும் பேசறதில்லையா?"

"ஏனுங்க, நான் கத்துனா வண்டு பறந்துருது. கத்தலீன்னா உங்களுக்கு ஊடு நல்லால்ல. நான் என்னதானுங்க செய்யறது?"

அவர் சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, "நம்ம மலையில கத்தாதவ பொழைக்க முடியாதே" என்றார்.

அது உண்மை. எங்கள் மலைக்கு ரோடு கிடையாது. காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் இறங்கினாலும் சரி, துறையூர்ப் பக்கம் புளியஞ்சோலைக்கு இறங்கினாலும் சரி, நடைதான். பனி மூடிய நாளில் பாதையில் போகிறவர் வளைவுக்கு வளைவு கூவுவார். வீட்டில் இருப்பவர் பதில் கொடுக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் போகிறவர் நின்றுவிடுவார். வீட்டில் என்னவோ ஆகிவிட்டது என்று மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். பதில் வந்தால் போ என்று அர்த்தம்.

கப்பலுக்காக நான் மலையிறங்கிய காலையிலும் பனி. முதல் வளைவில் கூவினேன், அம்மா பதில் கொடுத்தாள். இரண்டாவது வளைவிலும் கொடுத்தாள். அப்புறம் ஒரு வளைவில் நான் கூவியதற்குப் பதில் வரவில்லை. நான் நின்றுவிட்டேன். இவர்தான், "காத்து மாறிருச்சு புள்ள, அதான். நட" என்றார். நடந்துவிட்டேன். காற்றா, அம்மாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா இப்போது இல்லை. கேட்கவும் ஆளில்லை. மலை ஞாபகம் வந்தால் எனக்கு அந்த வளைவுதான் முதலில் வருகிறது.

6

நாலு பேரைத் தேர்ந்தெடுப்பதற்கு முந்தின சனிக்கிழமை. வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே மழை கொட்டித் தீர்த்தது. டீக்கடைப் பந்தயத்தில் எல்லாரும் தோற்றிருப்பார்கள். மழை விட்டதும் அப்படி ஒரு வெயில். நான் இக்கரையில் ஈர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். செல்லாயி அக்கரையில் தனியாக நின்றாள். அவளுடைய பெட்டியில் நல்ல பூச்சிகள் இருந்தன. ஆனால் அவளைவிட அதிகம் பிடித்த பிள்ளைகள் நாலு பேர் இருந்தார்கள். வீட்டில் விரல் விட்டுச் சொன்னது அவளேதான்.

அவள் நின்ற மரத்தடியில் மண் புகைந்தது. எனக்கு எங்கிருந்தாலும் தெரியும் அது. ஈசல்.

வெற்றிலை வாயோடு எழுந்து நின்றேன். கொடி கொடியாக எழும்பிக்கொண்டிருந்தது. ஈசல் கிளம்பினால் அது மட்டும் வராது. அதைத் தின்ன எல்லாம் வரும். பெரிய பெரிய தட்டான்கள் வந்து வட்டமடித்தன. எறும்புகள், கும்பிடு பூச்சி, பேர் தெரியாத வண்டுகள், எல்லாமே அந்த மரத்தடிக்கு வந்துகொண்டிருந்தன. வலையை வீசிக்கொண்டே இருந்தால் போதும். அத்தனையும் அவள் பேரில் ஏறும். அவளைத் தவிர ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் இல்லை.

புடி கண்ணு, புடி, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆமாம், நான்தான். கண்டவர் கூவ வேண்டும் என்று வளர்ந்தவள்தான். மகள் என்று வந்தபோது எனக்கு அந்த நியாயமெல்லாம் தெரியவில்லை. கூவாமல் இரு, எல்லாவற்றையும் நீயே அள்ளிக்கொள் என்றுதான் வேண்டினேன்.

செல்லாயி வலையைத் தூக்கினாள். வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள். பிறகு வலையைத் தோளில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்தாள்.

"ஓ…ஓய்! ஈசல் பொறப்புட்டாச்சு! ஓடியாங்க!"

தமிழில்தான் கூவினாள். அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் குரல் ஏரியைத் தாண்டி வந்து, எனக்குப் பின்னால் மரத்தில் மோதித் திரும்பியது. என் அப்பா கூவும் ராகம் அது, எழுத்துக்கு எழுத்து. நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடினேன்.

பிள்ளைகள் நாலு பக்கமிருந்தும் வந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. சத்தம் போடக் கூடாது என்ற சட்டம் என்ன ஆனதென்று தெரியவில்லை. மிஸ் சூவே செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டான் பின்னால் ஓடினார். ஒவ்வொருத்திக்கும் ஏதாவது அகப்பட்டது. "இங்க வா, இது உனக்கு" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிட்டதையும் பார்த்தேன். எல்லாருக்கும் இடம் காட்டிக்கொண்டே நின்ற செல்லாயியின் வலையில், முடிவில் பார்த்தால், ஈசல் இறகுதான் இருந்தது.

நான் முந்தானை கொள்ளுமட்டும் ஈசல் அள்ளிக்கொண்டேன். கிராணி எழுதிய "பலவகை, சிறியன" என்பதில் அதுவும் அடக்கம்தானே.

வீட்டில் வறுக்கும்போது மெல்லக் கேட்டேன். "ஏன் கண்ணு கூவுன? எல்லாத்தையும் நீயே புடிச்சிருக்கலாமல்ல?"

"எனக்கென்னம்மா தெரியும்? வாய் வந்துருச்சு" என்றாள் எரிச்சலோடு. பிறகு சட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சூட்டோடு வாயில் போட்டுக்கொண்டு, "போச்சு. இனி நான் மலைக்குப் போன மாதிரிதான்" என்றாள். அவள் அப்பா சாப்பிடாமல் எழுந்து வெளியே போனார்.

7

திங்கட்கிழமை பள்ளி விடும் நேரத்துக்கு நான் வீட்டு வாசலிலேயே நின்றேன். செல்லாயி வந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"மூணு பேரு நிறையப் புடிச்சவங்க. நாலாவது நானு."

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா எம் பூச்சிக்காக இல்லம்மா. எந் தொண்டைக்காக."

நடந்ததைச் சொன்னாள். நாலாவதாக அவள் பேரை வாசித்ததும், கணக்கில் நாலாவதாக வந்த பிள்ளை எழுந்து, செல்லா ஐந்தாவதுதானே என்று கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. மிஸ் சூ சொன்னாராம்: "ஆமாம், ஐந்தாவதுதான். நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் ஒரு வண்டுதான் வித்தியாசம். ஆனால் மேலே பனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. சண்டைக்கு முன்னால் ஒருமுறை இரண்டு பிள்ளைகளை அந்தப் பனியில் தொலைத்துவிட்டு, கண்டுபிடிக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. என் குரல் பத்தடிக்குமேல் போகாது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் வேண்டும். அதுவும் தான் கண்டதை மற்றவர்களுக்குச் சொல்லுகிற குரலாக வேண்டும்." கேட்ட பிள்ளையையும் அடுத்த முறைக்கு முதல் ஆளாக எழுதிக்கொண்டாராம்.

"இது பெருமையா, கேலியாம்மா?" என்று கேட்டாள் செல்லாயி.

"போற எடத்துல கூவிப் பாரு சாமி. தெரிஞ்சிரும்."

சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. அன்றைக்குச் சாயங்காலம் கொல்லைப்பக்கம் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கையைக் குவித்துச் சின்னதாகக் கூவிப் பார்த்தாள். அவள் அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"கப்பலுக்குப் பேர் குடுத்தனே, அத என்ன பண்ணட்டும்?" என்றார் என்னிடம்.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டுங்க. ஒரு நாளைக்கு ஊரப் பாத்துட்டு வாரதுக்கு ஆகும்."

8

இன்று காலை புறப்பட்டார்கள். இந்த மலைக்கும் வண்டி போகும் ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதை, நடைதான். எனக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. மிஸ் சூ, நாலு பிள்ளைகள், சாமான் தூக்க இரண்டு ஆட்கள். செல்லாயி தோளில் வலை, கையில் நான் கட்டிக் கொடுத்த சோற்று மூட்டை. பெற்றோர் எல்லாரும் வந்திருந்தார்கள்.

"நீ கூவிக் கீவி வெச்சராதம்மா. எல்லாரும் இருக்காங்க" என்றாள் என் காதோரம்.

"மாட்டேன் சாமி. நல்லபடியாப் போயிட்டு வா."

மேலே பனி இறங்கிக்கொண்டிருந்தது. நாலாவது வளைவில் கடைசியாக அவள் வலை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. மற்ற பெற்றோர் ஒவ்வொருவராகத் திரும்பத் தொடங்கினார்கள். இவர் என் கையைத் தொட்டு, "போலாமா?" என்றார்.

அப்போது மேலிருந்து வந்தது.

"ஓ…ஓய்!"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அன்றைக்கு மலையில் என் அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. காற்று மாறவில்லை.

பனிக்குள் காலடி நின்றுவிட்டதோ என்று தோன்றியது. பதில் வராவிட்டால் அவள் திரும்பி வந்துவிடுவாள். வழக்கம் அதுதான், அவளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். எச்சிலை விழுங்கிக்கொண்டு, கையைக் குவித்து, அத்தனை பேர் முன்னாலும் அடிவயிற்றிலிருந்து கூவினேன்.

"ஓ…ஓய்!"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் குரல் மறுபடி வந்தது. இந்த முறை இன்னும் மேலேயிருந்து.